பதினோரு அரைப் பேர்

எங்க தோட்டத்துல பேர்னா அப்பா அம்மா வச்ச பேர் மட்டும் இல்ல. ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சா, ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி செக்ரோல் புத்தகத்துல நமக்கு ஒரு பேர் போடுவாரு. மழை வந்து பாதியில திரும்பிட்டா அரைப் பேர். “இந்த மாசம் உனக்கு எத்தனை பேருடி?”ன்னு தண்ணிக் குழாயடியில கேட்டுக்குவோம். “இருபத்தஞ்சு பேருக்கா”ன்னு ஒருத்தி சொல்லுவா. வெளியூர் ஆள் யாராவது காதுல வாங்கினா திருதிருன்னு முழிப்பான்.

இதை முதல்லயே சொல்லிடுறேன். இல்லாட்டி பின்னால நடந்த கூத்து புரியாது.

மலேசியாவுல சுவாங்கிற ஊருக்கு உள்ள ஒதுங்கிக் கிடந்த தோட்டம் எங்களது. சாமான் வாங்கணும்னா லுக்குட்டுக்குப் போகணும். பதினாறு வயசுல பால்வெட்டுக் கத்தியைப் பிடிச்சவ நான். கித்தா மரத்துல, அதான் ரப்பர் மரத்துல, பட்டைக்குக் காயம் படாம வெட்டுறதுல என்னை அடிச்சுக்க அந்தத் தோட்டத்துல ஆளில்ல. இதை நானேதான் சொல்லிக்கணும், வேற யாரு சொல்லப் போறா? கல்யாணம், பிள்ளைப்பேறு, புருஷன் செத்தது எல்லாத்துக்கும் சேர்த்து நான் வேலைக்குப் போகாத நாளை உக்காந்து எண்ணிடலாம்.

எண்பதுகள்ல எனக்கு ஐம்பத்தஞ்சு முடிஞ்சுச்சு. அடையாளக் கார்டுல இருக்கிற வயசுதான் கணக்கு. அந்த வயசும் பழைய கிராணி ஒருத்தர் என் மூஞ்சியைப் பாத்துத் தோணினதைப் போட்ட வயசு. முடிஞ்ச அன்னைக்கே என் பேரை வெட்டிட்டாங்க. அடுத்த மாசமே வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, “பெரியம்மா, கன்னுக்காட்டுல லாலான் புல்லு மண்டிக் கிடக்கு, வர்றீங்களா?”ன்னு கேட்டான். போனேன். அங்க போய்ப் பாத்தா, என்னை மாதிரியே பேர் வெட்டின பொம்பளைங்க. என்னோட சேர்த்துப் பதினோரு பேரு.

காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு வந்து நிக்கணும். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் எல்லாரோடயும் சேர்ந்து புல்லு வெட்டணும். ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு வரிசைக் கித்தாக் கன்னு, மேல இருந்து கீழ வரைக்கும் சுத்தம் பண்ணணும். முப்பது வயசுக்காரிக்கும் அதே நெரை, எங்களுக்கும் அதே நெரை. ஆனா எங்களுக்குப் போடுறது அரைப் பேர், பாதிக் கூலி. ஏன்னு கேட்டா, “வயசானவங்க பாதி வேலைதானே செய்வீங்க”ன்னு ஆபீஸ்ல பதில் வந்துச்சு. நெரையை யாரும் பாதியாக்கல. பேரைத்தான் பாதியாக்கினாங்க.

கூலி போனாப் போகுதுன்னு விட்டுடுவேன். எனக்கு வயிறு எரிஞ்சது பெரட்டுலதான். பொழுது விடியுற நேரம் ஆபீஸ் முன்னால எல்லாரும் வரிசையா நிப்போம். பெரிய கிராணி புத்தகத்தை விரிச்சு ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. “இருக்கேன்யா”ன்னு குரல் வரும். எங்க பேரை மட்டும் கூப்பிட மாட்டாரு. நாங்க ஓரமா தனியா நிக்கணும். மண்டோர் விரலை நீட்டி எண்ணிட்டு, “அரைப் பேரு பதினொண்ணு”ன்னு கத்துவான், கிராணி எழுதிக்குவாரு, அவ்வளவுதான். அந்த மண்டோர் பயலுக்குக் காது குத்தினப்போ என் மடியிலதான் உக்காந்திருந்தான். வீட்டுல பெரியம்மாங்கிறான், பெரட்டுல அரைப் பேருங்கிறான். நல்லா இருக்குதில்ல?

ரெண்டு வருஷம் இப்படியே ஓடிச்சு. ஒரு தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ நாங்க குடியிருந்த தோட்டத்து வீடுங்க, அந்த லயத்துக் கதவுகள்ல காகிதம் ஒட்டினாங்க. முழுப் பேர் வேலையாள் ஒருத்தராவது இல்லாத வீட்டைத் தீபாவளி கழிச்சுக் காலி பண்ணிக் கொடுத்துடணுமாம். பதினோரு பேர்ல ஏழு பேரு மகனோட மருமகளோட இருந்தவங்க, தப்பிச்சாங்க. மிச்சம் நாலு பேரு தனிக்கட்டை. அதுல ஒருத்தி நான், ஒருத்தி பக்கத்து வீட்டு அக்கா. அக்காதான் எங்கள்ல மூத்தவ, அறுபத்தாறு. பிள்ளை குட்டி கிடையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நான்கிறதால, காகிதத்தை நான்தான் படிச்சுச் சொன்னேன். அக்கா, “நான் எங்கடி போவேன்?”ன்னு கேட்டா.

என் மக மந்தின்ல இருந்தா. “நீ இங்க வந்துடும்மா”ன்னு சொல்லி அனுப்பினா. நல்ல பொண்ணுதான். ஆனா எனக்கு மனசு ஒப்பல. நாப்பது வருஷம் நான் கூட்டிப் பெருக்கின வீட்டை விட்டுட்டு, மருமகன் வீட்டுல போய்க் காப்பித் தண்ணிக்கும் முகம் பாத்து நிக்கணுமா? போகமாட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேனே தவிர, போகாம இருக்கறதுக்கு என்ன வழின்னு எனக்குத் தெரியல.

அந்த நேரத்துலதான் சிரம்பான்ல இருந்து பெண்கள் சங்கம் ஒண்ணு வருதுன்னு கிராணி சம்சாரம் வீடு வீடா வந்து சொன்னா. பொம்பளைங்களுக்குச் சம உரிமை கேக்கற கூட்டமாம். வெளிநாட்டுல பெரிய மாநாடு நடக்கப் போகுதாம், உலகத்துல உள்ள பொம்பளைங்க கஷ்டத்தையெல்லாம் அங்க பேசப் போறாங்களாம், நம்ம தோட்டத்துக் கஷ்டமும் அங்க போகுமாம். எனக்குன்னே வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில தலைக்குக் குளிச்சு, மக வாங்கிக் கொடுத்த ஊதாச் சேலையைக் கட்டிக்கிட்டு, அக்காவையும் கூட்டிக்கிட்டுக் கோயில் மண்டபத்துக்குப் போனேன்.

வாசல்லயே கிராணி சம்சாரம் மறிச்சா. “பெரியம்மா, நல்ல வேளை வந்தீங்க. பிள்ளைங்களையெல்லாம் பின்கட்டுல வச்சுப் பாத்துக்குங்க. அப்படியே எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிடுங்க.”

“ஏம்மா, நாங்க கூட்டத்துல உக்காரக் கூடாதா?”

“ஆள் விவரம் எழுதுற பாரத்துல பதினெட்டுல இருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும்தான் போட்டிருக்கு பெரியம்மா. நான் என்ன செய்யட்டும்?”

செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்காகக் கூட்டத்தைக் கெடுக்க முடியுமா? மத்தவங்களும் வந்து சேர, பதினோரு பேரும் பின்கட்டுக்குப் போனோம். பிள்ளைங்க ஒரு பக்கம் அழுதுச்சு, தண்ணி ஒரு பக்கம் கொதிச்சுச்சு. உரிமை பேசறதுக்கு வந்த இடத்துலயும் எங்களுக்கு அடுப்புதான்.

உள்ள ஒலிபெருக்கியில சிரம்பான் அம்மா பேச ஆரம்பிச்சாங்க. நல்ல குரல், தெளிவான தமிழ். “உலகத்தில் பாதிப் பேர் பெண்கள்!”னு எடுத்த எடுப்புல சொன்னாங்க. ஒரே கைத்தட்டு.

அக்கா கலக்கிக்கிட்டிருந்த கரண்டியை அப்படியே வச்சுட்டா. “அடி ஆத்தி! உலகம் பூராவுமா? எல்லா நாட்டுலயும் பொம்பளைக்குப் பாதிப் பேருதானா?”

நான் சிரிச்ச சிரிப்புல பால் டின்னைக் கவுத்துட்டேன். “இல்லக்கா, அந்தப் பேர் வேற, நம்ம பேர் வேற”ன்னு சொன்னேன். சொல்லிட்டு யோசிச்சேன். என்ன பெரிய வேற? அவ கேட்டதுல என்ன தப்பு?

கொஞ்ச நேரத்துல அந்தம்மா, “ஒரே வேலைக்கு ஒரே கூலி, அது நம்ம உரிமை”ன்னாங்க. மறுபடியும் கைத்தட்டு. அதுக்கு மேல எனக்குப் பொறுக்கல. தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கிட்டு நேரா மண்டபத்து நடுவுல போய் நின்னேன்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க பாட்டி.”

“பாட்டி இருக்கட்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலின்னீங்களே, அது எந்த வயசு வரைக்கும்?”

அந்தம்மா மேசையில இருந்த பாரத்தைப் பாத்தாங்க. “இது... வேலை செய்கிற வயசுப் பெண்களுக்காகத் தயார் பண்ணினது பாட்டி.”

“நாங்களும் கன்னுக்காட்டுல புல்லு வெட்டுறோம். நேத்துக்கூட வெட்டினோம். சரி, உங்களுக்கு என்ன வயசும்மா?”

கிராணி சம்சாரம் என்னைப் பாத்து முழியை உருட்டினா. அந்தம்மா பாவம், மறைக்கத் தெரியாதவங்க. “நாற்பத்தெட்டு”ன்னாங்க.

“அப்போ உங்க பாரத்துல நீங்களே இல்லையேம்மா!”

சிரிச்சாங்க பாருங்க, கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி. அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. முகம் சிவந்துபோய், “நியாயம்தான். எல்லாரையும் உள்ள கூப்பிடுங்க, அவங்க பேரையும் எழுதிக்கலாம்”னு கூட வந்த பொண்ணுகிட்ட சொன்னாங்க. பத்துப் பேரும் முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்து வரிசையில நின்னாங்க. முதல் ஆளு அக்கா.

அந்தப் பொண்ணு டவுன் பொண்ணு, தோட்டத்துப் பேச்சு பழக்கமில்ல. பேனாவைத் திறந்து, “பேர்?”னு கேட்டுச்சு.

கையில புத்தகத்தை வச்சுக்கிட்டு ஒரு ஆள் பேர்னு கேட்டா அக்காவுக்கு ஒரு பதில்தான் தெரியும். “அரைப் பேருங்கம்மா.”

பொண்ணு அதை அப்படியே எழுதிக்கிச்சு. “அப்பா பேர்?”

“அவரு சாகுற வரைக்கும் முழுப் பேருதாம்மா.”

பொண்ணுக்கு ஒண்ணும் புரியல. அடுத்தவளைப் பாத்துச்சு. “உங்க பேர்?” “நானும் அரைப் பேருதாம்மா.” “ரெண்டு பேரும் சொந்தமா?” “இல்லம்மா, ஒரே லயம்.” மூணாவது ஆளும் அதையே சொன்னா. நாலாவது ஆள் வாயைத் திறக்கறதுக்குள்ள பொண்ணு பேனாவை வச்சுட்டு, “என்னங்க இது, எல்லாருக்கும் ஒரே பேரா?”ன்னு கேட்டுச்சு.

இளசுங்கெல்லாம் சேலைத் தலைப்பால வாயை மூடிக்கிட்டுக் குலுங்குதுங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்லக் கூடாது. அக்காதான் ஒண்ணும் புரியாம சுத்திப் பாத்தா. “என்னத்துக்குடி சிரிக்கிறீங்க? பேர் வெட்டினதுக்கப்புறம் நமக்கு அதுதானே இருக்கு?”

சிரிப்பு நின்னுடுச்சு.

நான் அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பேர்னா என்ன, அரைப் பேர்னா என்ன, பெரட்டுல எங்களை எப்படி எண்ணுறாங்க, கதவுல என்ன ஒட்டியிருக்கு, தீபாவளி கழிச்சு அக்கா எங்க போவா, நான் எங்க போவேன். அந்தம்மா மேடையை விட்டு இறங்கி வந்து எங்க நடுவுல தரையில உக்காந்துக்கிட்டாங்க. “பாரத்துல இதை எழுத இடமே இல்லையே”ன்னு அந்தப் பொண்ணு மெதுவா சொல்லிச்சு. “திருப்பிப் போட்டு எழுது”ன்னாங்க அந்தம்மா. அப்புறம் எங்களைப் பாத்து, “உங்களுக்கு என்ன வேணும்? உங்க வாயாலயே சொல்லுங்க, அப்படியே எழுதுறோம்”னாங்க.

“பேர் வேணும்மா. முழுசா வேணும்.”

தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் எழுதுறேன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிப் போனாங்க. நல்ல மனுஷிதான். ஆனா கடிதம் வந்து, தோட்டத்தை நடத்துற தொரை படிச்சு, பதில் போடறதுக்குள்ள தீபாவளி வந்துடும். மிச்சம் கலந்த தேத்தண்ணியை ஊத்திக் குடிச்சுக்கிட்டு நான் பத்துப் பேர்கிட்டயும் சொன்னேன், “நாளையில இருந்து அரைப் பேருன்னா அரைப் பேருதான். பாதி நெரையில நிறுத்திடணும்.”

“இருக்கிற அரையும் போயிட்டா?”ன்னு அக்கா கேட்டா.

எனக்கும் அந்தப் பயம்தான். “போனாப் போகட்டும் அக்கா, எப்படியும் வீட்டை விட்டுத் துரத்தத்தானே போறாங்க”ன்னு வீராப்பாப் பேசிட்டேன்.

திங்கக்கிழமை காட்டுக்குப் போனோம். எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி சுத்தமா வெட்டிக்கிட்டே வந்தோம். நெரையில பாதிக் கன்னு முடிஞ்சதும் பதினோரு பேரும் அந்த இடத்துல நிமிர்ந்தோம். மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்துட்டோம். மண்டோர் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கிட்டு வந்தான்.

“என்ன பெரியம்மா இது? பாதியில விட்டுட்டுப் போறீங்க!”

“அரைப் பேருக்கு அரை நெரைடா. நீதானே தினம் எண்ணுற, உனக்குத் தெரியாதா?”

“ஐயோ, என் வேலைக்கு உலை வைக்கிறீங்களே லா!”

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான், புதன்கிழமையும் அப்படித்தான். மலைச்சரிவுக் காடு அது. மேல் பாதி துடைச்சு வச்ச மாதிரி கிடக்கு, கீழ்ப் பாதியில லாலான் இடுப்பளவு நிக்குது. எல்லா நெரையும் ஒரே இடத்துல நின்னதால, கோடு கிழிச்ச மாதிரி தூரத்துல இருந்தே தெரிஞ்சுச்சு. வியாழக்கிழமை பெரிய ஆபீஸ்ல இருந்து விசிட்டிங் தொரை காட்டைப் பாக்க வர்றதா இருந்தாரு. புதன்கிழமை மத்தியானமே மண்டோர் இளவயசுப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு, “மிச்சப் பாதியை நீங்க வெட்டிடுங்க”ன்னான்.

அதுலதான் எங்களுக்குப் பயம். அவங்க வெட்டிட்டா எங்க கதை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை தலைப்பால வாயை மூடிக் குலுங்கினாளே ஒரு பொண்ணு, என் பேரனைவிடக் கொஞ்சம்தான் பெரியவ, அவதான் முன்னால வந்தா. “அது எங்க நெரை இல்ல மண்டோர். ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு அந்தம்மா சொன்னது எங்க காதுலயும் விழுந்துச்சு. நாளைக்கு எங்களுக்கும் ஐம்பத்தஞ்சு வரும் லா. அவங்களுக்கு முழுப் பேர் போடுங்க, அவங்களே முடிப்பாங்க.” மத்தவளுங்களும் அவ பின்னால போய் நின்னாளுங்க. நான் போய் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

வியாழக்கிழமை விசிட்டிங் தொரை வந்தாரு. காட்டைப் பாத்தாரு, எங்க தொரையைப் பாத்தாரு. எங்க தொரை மண்டோரைப் பாத்தாரு, மண்டோர் என்னைக் கை காட்டினான். எனக்குத் தெரிஞ்ச தோட்டத்து மலாய்ல, “செப்பாரோ நாமா, செப்பாரோ கெர்ஜா, துவான்”னேன். பாதிப் பேரு, பாதி வேலைன்னு சொன்னதா எனக்கு நெனப்பு. அவருக்குப் பாதிப் பேர் விளங்கல, பாதி வேலை நல்லா விளங்கிடுச்சு. மிச்சத்தைக் கிராணி இங்கிலீஷ்ல விளக்கினாரு. “முழுப் பேர் போட்டா முழு நெரை முடிப்பீங்களா?”ன்னு கிராணி வழியா கேட்டாரு. “ரெண்டு வருஷமா அதைத்தானே செஞ்சோம்”னேன். அவரு காரைக் கிளப்பிக்கிட்டுப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை எங்களை வேலைக்கே கூப்பிடல. சிரம்பான் அம்மாவோட கடிதம் அன்னைக்குத்தான் ஆபீசுக்கு வந்துச்சாம்.

கடிதத்தால நடந்துச்சா, லாலான் புல்லால நடந்துச்சாங்கிறது இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள தீராத வழக்கு. நான் புல்லு கட்சி. ஆனா அந்தம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிட்டு வந்ததும் நேரா எங்க லயத்துக்குத்தான் வந்தாங்க. புதுசா அடிச்ச பாரத்தைக் காட்டினாங்க. பதினெட்டுன்னு போட்டு, அதுக்கு மேலன்னு இருந்துச்சு. நாப்பத்தஞ்சு இல்ல. “உங்க பதினோரு பேர் கதையை அங்க வாசிச்சேன்மா. பல நாட்டுக்காரங்க எழுந்து, எங்க ஊர்லயும் வயசானவங்களை இப்படித்தான் விட்டுடுறாங்கன்னு சொன்னாங்க”ன்னாங்க. அப்போ அக்கா கேட்டது சரிதான். உலகம் பூராவும்தான்.

அந்த அக்கா கண்ணை மூடற வரைக்கும் அதே வீட்டுலதான் இருந்தா. நானும் என் வீட்டுலதான் உக்காந்து இதை எழுதுறேன், எழுபது ஆகப் போகுது. மாநாட்டுல எங்களைப் பத்திப் பேசினது எனக்குப் பெருமைதான், இல்லேங்கல. ஆனா அந்தச் சனிக்கிழமைப் பெரட்டுக்கு முன்னால அதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

சனிக்கிழமை வரச் சொல்லி ஆள் வந்திருந்துச்சு. எதுக்குன்னு சொல்லல. மொத்தமா அனுப்பப் போறாங்கன்னுதான் நெனச்சேன். நாங்க பழக்கத்துல ஓரமாப் போய் நின்னோம். மண்டோர் எங்களை எண்ணல. விரலை நீட்டவும் இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். பெரிய கிராணி புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, ஒரு பேரைக் கூப்பிட்டாரு. யாரும் பதில் சொல்லல. மறுபடியும் கூப்பிட்டாரு. நான் பக்கத்துல நின்ன அக்காவை இடிச்சேன். “அக்கா, உன்னைத்தான்!”

அவளுக்கு அவ பேரே மறந்து போயிருந்துச்சு. “இருக்கேன்யா”ன்னு சொல்றதுக்குள்ள குரல் உடைஞ்சு அழுதுட்டா. முழுப் பேர் வந்துடுச்சு, வீடு தங்கிடுச்சு. அழாம என்ன செய்வா?

அடுத்தாப்புல என் பேர். அப்பா பேரோட சேர்த்து முழுசா கூப்பிட்டாரு. காதுல விழுந்துச்சு, நல்லாவே விழுந்துச்சு. நான் வாயைத் திறக்கல. ரெண்டு வருஷம் கூப்பிடாத பேர், இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு நின்னேன். கிராணி தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. அவருக்கும் புரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். இன்னும் கொஞ்சம் சத்தமா, லயம் வரைக்கும் கேக்கற மாதிரி கூப்பிட்டாரு.

அப்புறம்தான் சொன்னேன், “இருக்கேன்யா!”ன்னு.